மாத்திரைக்கு முந்தைய பக்கம்

ஆனி, வியாழன் இரவு

மாத்திரை வாங்கி வந்தாயிற்று. எஸ்சிடலோபிராம், 5 மி.கி. தினம் காலைச் சாப்பாட்டுக்குப் பின் ஒன்று. நாளைக்கே தொடங்கலாம் என்றார் டாக்டர். எனக்குத்தான் மனம் வரவில்லை.

ஏன் என்று எழுதிவைக்கிறேன். மாசியில் ஒரு விடியற்காலை படுக்கையில் புரண்டபோது அறையே சுழன்றது. உட்காதில் இருக்கும் கால்சியம் துகள்கள் இடம் பெயர்ந்து அரைவட்டக் குழலுக்குள் போய்விட்டன என்றார் காது மூக்கு தொண்டை மருத்துவர். தலையைச் சாய்த்து, திருப்பி, எழுப்பி உட்காரவைத்து, அவற்றைப் பழைய இடத்துக்கே கொண்டு சேர்த்தார். எப்ளி முறை என்று அதற்குப் பெயர். சுழற்சி அன்றோடு நின்றது. அசைவு மட்டும் நிற்கவில்லை. நின்றால் தரை ஆடுகிறது, நடந்தால் ஒரு பக்கமாக இழுக்கிறது, படுத்தால் அடங்குகிறது. கரும்பலகையில் கணக்கை எழுதிவிட்டுப் பிள்ளைகள் பக்கம் திரும்பும்போது மேசையைப் பிடித்துக்கொள்கிறேன். விளக்குத்தூண் பக்கம் சேலைக் கடைக்குள் போனால் அடுக்கடுக்கான நிறங்களும் சுங்குடிப் புள்ளிகளும் சேர்ந்து நகர்கின்றன. மீனாட்சி கோயில் ஆயிரங்கால் மண்டபத்தில் 985 தூண்கள். சின்ன வயதில் ஓடி விளையாடிய இடம். போன மாதம் அந்தத் தூண் வரிசைகளுக்கு நடுவே நிற்க முடியாமல் கணவர் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

இதற்கு முன்பு ஓர் இடத்தில் சின்னரிசின் கொடுத்தார்கள். தலைசுற்றல் போகவில்லை, தூக்கம்தான் வந்தது. எட்டாம் வகுப்பில் பாடம் நடத்தும்போதே கண் சொருகியது. பக்கவிளைவு என்றால் என்ன என்பது எனக்கு அனுபவத்தில் தெரியும். இப்போது வந்திருக்கும் மாத்திரையின் பக்கவிளைவுப் பட்டியலிலோ தலைசுற்றலே இருக்கிறது. தலைசுற்றலுக்குப் போடும் மருந்து தலைசுற்றலைத் தருமானால், எது நோய், எது மருந்து என்று நான் எப்படிப் பிரிப்பேன்? இந்தக் கேள்விதான் தூங்க விடவில்லை.

வெள்ளி

இன்றும் போடவில்லை. நரம்பியல் டாக்டர் சொன்னதை மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

நோயின் பெயர் பி.பி.பி.டி. உலகெங்கும் சமநிலைக் கோளாறுகளை ஆராய்கிறவர்களின் அமைப்பான பாரானி சங்கம் 2017இல் இதற்கு வரையறை வகுத்தது. மூன்று மாதமோ அதற்கு மேலோ, பெரும்பாலான நாட்களில் ஆட்டமும் தள்ளாட்டமும் இருக்க வேண்டும். நிற்கும்போதும், அசையும்போதும், கண்முன் நெருக்கமான கோலங்களோ நகரும் காட்சிகளோ இருக்கும்போதும் அது கூட வேண்டும். என் கதையை நான் சொல்லி முடிப்பதற்குள் சேலைக் கடையைப் பற்றி அவரே கேட்டுவிட்டார். ஸ்கேன் நார்மல், ரத்தம் நார்மல் என்று கேட்டுக் கேட்டு, எனக்கு நோயே இல்லையோ என்று சந்தேகப்படத் தொடங்கியிருந்தேன். அந்த ஒரு கேள்வியில் கண் கலங்கிவிட்டது.

"காது சரியாயிடுச்சு டீச்சர். மூளைதான் இன்னும் நம்பலை. ஈரத் தரையில நடந்தவங்க, தரை காஞ்ச பிறகும் காலை விறைப்பா வச்சே நடக்கிற மாதிரி. கண்ணையே நம்பி நடக்குது. அதைப் பழையபடி பழக்கணும். அதுக்குப் பயிற்சி ஒண்ணு, இந்த மாத்திரை ஒண்ணு."

மாத்திரை மனச்சோர்வுக்குக் கொடுப்பது. மருந்துக் கடையில் சீட்டைப் பார்த்த பையன், "யாருக்கு மேடம் இது?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டான். எனக்குத்தான் என்றேன், தாழ்த்தாமல். செரட்டோனின் மனநிலைக்கு மட்டும் உரிய வேதிப்பொருள் கிடையாது. காதிலிருந்து வரும் சமநிலைச் செய்திகளை வாங்கும் மூளைத்தண்டு நரம்பணுக்களிலும் அதற்கு வேலை இருக்கிறது. டாக்டர் இதைச் சொல்லியிருந்ததால்தான் அந்தப் பையனுக்கு நிமிர்ந்து பதில் சொல்ல முடிந்தது.

நிச்சயமாகக் குணமாகுமா என்று கேட்டேன். நிறையப் பேருக்குக் குறைகிறது, எல்லோருக்கும் இல்லை என்றார். வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டுச் செய்த தரமான ஆய்வு இந்த நோய்க்கு இல்லை என்று 2023இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு சொன்னதையும் அவரே எடுத்துச் சொன்னார். ஒப்பீட்டுக் குழு இல்லாத சிறு ஆய்வுகளையும் மருத்துவர்களின் அனுபவத்தையும் வைத்துத்தான் கொடுக்கிறார்களாம். தெரிந்ததையும் தெரியாததையும் இப்படிப் பிரித்துச் சொன்னவரிடம் எனக்கு நம்பிக்கை கூடியது. பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். பக்கவிளைவுகள் முதல் வாரத்திலேயே வரும். கஷ்டம் முந்திக்கொள்ளும், சுகம் பிந்தி வரும். பலர் பாதி வழியில் நிறுத்திவிடுவது ஏன் என்று கேட்கவே தேவையில்லை.

சனி

கோயம்புத்தூரில் பி.ஃபார்ம் படிக்கும் மகள் ஊருக்கு வந்திருக்கிறாள். கடையில் அட்டையாக வெட்டிக் கொடுக்கும் மாத்திரையோடு விவரத்தாள் எதுவும் வருவதில்லை. அவள் முழுத் தாளையும் எடுத்துக் காட்டினாள். பட்டியலைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

"மேலேர்ந்து கீழே வாசிக்காதம்மா. எத்தனை பேருக்குன்னு பாரு."

மிகப் பரவலாக வருவது என்றால் பத்துப் பேரில் ஒருவருக்கு மேல். பரவலாக என்றால் நூறில் ஒருவரிலிருந்து பத்துப் பேர் வரை. அரிது என்றால் பத்தாயிரத்தில் ஒருவரிலிருந்து பத்துப் பேர் வரை. குமட்டலும் தலைவலியும் முதல் வகை. தலைசுற்றல் இரண்டாம் வகை. நூறு பேரைக் கூட்டி நிறுத்தினால் தொண்ணூறு பேருக்காவது அது வராது. கணக்கு டீச்சரான எனக்கு இது கண்ணில் படாமல் போனதற்குக் காரணம் பயம். பயம் வகுத்துப் பார்க்காது. ஒவ்வொரு வரியையும் எனக்கென்றே எழுதியதாக வாசிக்கும்.

அவள் ஓர் ஆய்வைப் பற்றியும் சொன்னாள். பெயர் சாம்சன். லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் செய்து 2020இல் வெளியிட்டது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையைப் பக்கவிளைவு தாங்காமல் நிறுத்தியிருந்த 60 பேர். நான்கு மாதத்துக்கு ஸ்டாட்டின் புட்டி, நான்கு மாதத்துக்கு வெற்று மாத்திரைப் புட்டி, நான்கு மாதத்துக்குக் காலிப் புட்டி, மூன்றும் கலந்து வரிசை மாற்றிக் கொடுத்தார்கள். தினமும் தொல்லைக்கு மதிப்பெண் போடச் சொன்னார்கள். மாத்திரையே இல்லாத மாதங்களில் சராசரி 8. வெற்று மாத்திரை மாதங்களில் 15.4. ஸ்டாட்டின் மாதங்களில் 16.3. தொல்லையில் பத்தில் ஒன்பது பங்கை வெற்று மாத்திரையும் தந்தது. முடிவைக் காட்டியதும் பாதிப் பேர் மருந்தைத் திரும்பத் தொடங்கினார்கள்.

இதைக் கேட்டதும் முதலில் கோபம்தான் வந்தது. "எல்லாம் உன் மனசுதான்" என்று வேறு விதமாகச் சொல்கிறார்களோ என்று நினைத்தேன். பிறகு அந்த 15.4ஐ யோசித்தேன். வெற்று மாத்திரை போட்டவர்கள் பொய் சொல்லவில்லை. வலி வலிதான். அது எங்கிருந்து வந்தது என்பதில்தான் வித்தியாசம். அது தெரியாமல், உதவக்கூடிய மருந்தை நிறுத்திவிடக் கூடாது. கெடுக்கிற மருந்தைத் தாங்கிக்கொண்டு இருக்கவும் கூடாது. இந்த ஆய்வு ஸ்டாட்டினுக்கு உரியது. என் மாத்திரையின் கணக்கு வேறாக இருக்கும். ஆனால் அவர்கள் செய்த வேலையில் ஒன்றை என்னால் வீட்டில் செய்ய முடியும். மாத்திரை இல்லாத நாளை அளந்து வைப்பது.

ஞாயிறு

இந்தப் பக்கம் மாத்திரைக்கு முந்தையது. இன்று என் உடம்பில் இருப்பது:

ஆட்டம், பத்துக்கு ஆறு. சாயங்காலம் ஏழு. தலைவலி உண்டு, நெற்றியில், வாரத்தில் பாதி நாள். தூக்கம் பிடிக்க நேரமாகிறது. விடிகாலையில் ஒருமுறை விழிப்பு. உள்ளங்கை வியர்வை பேருந்தில் மட்டும். குமட்டல் இல்லை. வயிறு ஒழுங்கு. வாய் வறட்சி இல்லை. படபடப்பு மாடிப்படியில் மட்டும். களைப்பு மதியத்துக்கு மேல்.

எழுதி முடித்துவிட்டு விவரத்தாளை எடுத்து வைத்துப் பார்த்தேன். மாத்திரை தரும் என்று அது எச்சரிப்பதில் சரிபாதி, ஒரு மாத்திரையும் போடாத என்னிடம் ஏற்கெனவே இருக்கிறது. இதை எழுதாமல் நாளைக்குத் தொடங்கியிருந்தால், புதன்கிழமை வரும் தலைவலியை மாத்திரையின் தலையில்தான் கட்டியிருப்பேன்.

டாக்டருக்குக் கேள்விகளை எழுதி அனுப்பினேன். அவர் நிதானமாகப் பதில் போட்டார். குமட்டல், வயிற்றுப்போக்கு, தலைவலி, தூக்க மாற்றம், வியர்வை, வாய் வறட்சி: பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் தணியும், எழுதி வைத்தால் போதும். காய்ச்சலோடு நடுக்கமும் குழப்பமும், மயங்கி விழுதல், காரணமில்லாத ரத்தக் கசிவு, கறுத்த மலம், உட்காரவே முடியாத பதற்றம், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம், முகம் வீங்குதல்: இவற்றில் எது வந்தாலும் மறுநாள் வரை காத்திருக்காமல் கூப்பிட வேண்டும் அல்லது நேரே வர வேண்டும். முழங்கால் வலிக்கு நான் அவ்வப்போது போடும் டைக்ளோஃபெனாக் இதோடு சேர்ந்தால் ரத்தக் கசிவு அபாயம் கூடும் என்பதால் அதை நிறுத்தச் சொன்னார். நானாகச் சொல்லாவிட்டால் அது அவருக்குத் தெரிந்திருக்காது.

வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்பட்ட ஒன்றையும் எழுதித்தான் கேட்டேன். தாம்பத்திய ஆசை குறையும் என்று தாளில் இருக்கிறதே என்று. "குறையலாம். சிலருக்கு நீடிக்கும். வந்தால் சொல்லுங்கள், அளவையோ மருந்தையோ மாற்றலாம்" என்று பதில் வந்தது. நம் பெண்களில் எத்தனை பேர் இதைக் கேட்காமலேயே, காரணம் தெரியாமலேயே இருந்துவிடுவார்கள் என்று நினைத்துப் பார்த்தேன்.

திங்கள்

இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போட்டேன். "போட்டுட்டியாம்மா?" என்றார் அத்தை. கொஞ்ச நேரம் கழித்து, "ஏதாவது பண்ணுதா?" என்றார்.

பண்ணியது. கால் மணி நேரத்துக்குள் கை லேசாக நடுங்கியது, தொண்டை இறுகியது. நேரத்தைக் குறித்தேன். இந்த மருந்து ரத்தத்தில் உச்ச அளவைத் தொட ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும் என்று மகள் சொல்லியிருந்தாள். கால் மணி நேரத்து நடுக்கம் பயத்துடையது. அப்படியே எழுதினேன்: "நடுக்கம், 8.20, பயம்." முதல் பீரியட் முடிவதற்குள் அடங்கிவிட்டது.

புதன்

இன்றைய குமட்டல் மருந்துடையது. சந்தேகமில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் "குமட்டல் இல்லை" என்று இருக்கிறது. வயிறும் இளகிவிட்டது. உடம்பில் இருக்கும் செரட்டோனினில் ஏறத்தாழ 90 சதவீதம் குடலில்தான் என்பதால் முதல் அடி அங்கேதான் விழும். அத்தை மோரும் சாதமும் பிசைந்து வைத்தார். ஆட்டம் ஏழு. கூடியிருக்கிறது. அதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன். தலைவலியும் இருக்கிறது, ஆனால் அது பழையது.

ராத்திரி தூக்கம் கலைந்து எழுந்தபோது நிறுத்திவிடலாம் என்றே தோன்றியது. இருட்டில் எடுக்கும் முடிவு வேண்டாம் என்று விளக்கைப் போட்டு, டாக்டர் எழுதிய அவசரப் பட்டியலை வரிவரியாகப் பார்த்தேன். அதில் எதுவும் எனக்கு இல்லை. காலையில் கூப்பிட்டுச் சொன்னேன். அளவைக் கூட்டாமல் இதே 5 மி.கி.யில் இன்னும் கொஞ்ச நாள் இருக்கலாம் என்றார்.

ஆடி

குமட்டல் போய்விட்டது. வயிறு சரி. வியர்வை மட்டும் கூடுதல்.

பயிற்சியும் நடக்கிறது. சுவரில் ஒட்டிய ஓர் எழுத்தைப் பார்த்தபடி தலையை இடம் வலமாகத் திருப்புவது, ஒரு பாதத்தின் முன் மறுபாதம் வைத்து நடப்பது. பயிற்சியின்போது ஆட்டம் கொஞ்சம் கூடினால்தான் மூளை கற்கும் என்கிறார் பிசியோதெரபிஸ்ட். சின்னரிசின் மாதிரி அடக்கி வைக்கும் மருந்துகளை நெடுநாள் போட்டால் இந்தக் கற்றலே தடைபடுமாம்.

பாரானி யார் என்று தேடிப் படித்தேன். ராபர்ட் பாரானி, வியன்னாவில் காது மருத்துவர். நோயாளிகளின் காதை நீர் பீய்ச்சிக் கழுவும்போது அவர்களுக்குத் தலை சுற்றியது, கண்மணி துடித்தது. தண்ணீர் சில்லென்று இருக்கிறது என்று ஒரு நோயாளி குறைப்பட்டார். அடுத்து சூடான நீரை விட்டபோதும் தலை சுற்றியது, கண் எதிர்த்திசையில் துடித்தது. அந்தக் கவனிப்பிலிருந்து உட்காதைச் சோதிக்கும் முறை பிறந்தது. 1914ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தபோது அவர் ரஷ்யாவில் போர்க் கைதி. வேறொரு சிகிச்சையின்போது வந்த தொல்லையை, நோயாளி முணுமுணுத்ததை, ஒரு டாக்டர் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார். இன்று என் நோய்க்குப் பெயர் வைத்த சங்கம் அவர் பெயரில் இருக்கிறது.

ஆவணிக் கடைசி

மாத்திரை 10 மி.கி. ஆகிவிட்டது. கூட்டிய வாரத்தில் குமட்டல் திரும்ப வந்து போனது. வரும் என்று தெரிந்திருந்ததால் அது குமட்டலாக மட்டும் இருந்தது.

ஆட்டம் இப்போது நான்கு. சில நாள் மூன்று. கரும்பலகையிலிருந்து திரும்பும்போது கை மேசையைத் தேடவில்லை. சேலைக் கடை இன்னும் கஷ்டம். மாத்திரை, பயிற்சி, நாள் கடந்தது, இவற்றில் எது எவ்வளவு செய்தது என்று பிரிக்க என்னால் முடியாது. பலன் நிலைத்தால் குறைந்தது ஒரு வருடம் தொடர வேண்டும். முடிக்கும்போதும் திடீரென்று நிறுத்தக் கூடாது, சிறுகச் சிறுகக் குறைக்க வேண்டும். சட்டென்று விட்டால் வரும் தொல்லைகளில் தலைசுற்றலும் ஒன்று. அந்த நாளுக்கும் முந்தைய பக்கம் ஒன்று எழுதுவேன்.

எங்கள் பள்ளியில் இன்னொரு ஆசிரியைக்கு ஒற்றைத் தலைவலியோடு கூடிய கிறுகிறுப்பு. வேறு மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பயமாக இருக்கிறதக்கா என்று கேட்டாள். பயப்படாதே என்று நான் சொல்லவில்லை. உடம்புக்குள் புதிதாக ஒன்றை அனுப்புகிறவளுக்குப் பயம் நியாயமானது. அந்தப் பயத்தைக் கேள்விகளாக எழுதச் சொன்னேன். எது வந்தால் பொறுக்கலாம், எது வந்தால் ஓடி வர வேண்டும், வேறு எந்த மாத்திரையோடு சேரக் கூடாது, எப்போது பலன் தெரியும், எப்படி நிறுத்துவது என்று கேட்கச் சொன்னேன். முதல் மாத்திரைக்கு முன்பே இன்றைய உடம்பை ஒரு பக்கத்தில் எழுதிவைக்கச் சொன்னேன். அந்தப் பக்கத்தைக் கையில் வாங்கிப் படிக்கிற டாக்டரிடம் போ என்றேன். படிக்காமல் "ஒண்ணும் பண்ணாது" என்று அனுப்பினால் வேறு ஒருவரைத் தேடிப் போகச் சொன்னேன்.