திரும்பி வந்த சொற்கள்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது கைகால்கள் ஓரளவு தப்பின, சொற்கள்தாம் போயின. குவளையைச் சுட்டிக்காட்டுவார், பெயர் வராது. மூளையின் இடப்பக்கத்தில் ரத்தம் தடைப்பட்ட பகுதி ஸ்கேன் படத்தில் கறுத்துத் தெரிந்தது. சொற்களெல்லாம் அங்கேதான் அடுக்கப்பட்டிருந்தன என்று எண்ணிக்கொண்டோம். அலமாரியே எரிந்தபின் புத்தகங்கள் ஏது?

எங்கள் உவமை பிழையானது. ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் கொண்ட மூளையில் ஆணையிடும் தலைமை அணு என ஒன்று இல்லை. ஒவ்வோர் அணுவும் தன்னோடு இணைந்தவை அனுப்பும் சேதியை மட்டுமே அறியும். ஓர் அணு இன்னொன்றைத் தூண்டுவதில் மீண்டும் மீண்டும் பங்குகொண்டால் அவற்றின் இணைப்பு வலுப்பெறும் என்று 1949-இல் டொனால்ட் ஹெப் முன்வைத்தார். கால்கள் நடக்க நடக்க வயலில் ஒற்றையடிப் பாதை விழுவதுபோல, யாரும் வகுக்காமலே ஓர் ஒழுங்கு உருவாகிறது. தன்னமைவு என்கிறார்கள். பாதை அடைபட்டால் சில வேளை பக்கத்திலேயே வேறு தடம் விழும். எல்லோருக்கும் விழுவதில்லை, முழுதாகவும் விழுவதில்லை.

பேச்சுப் பயிற்சி தொடங்கியது. முதலில் எங்கள் பெயர்களே வரும் என்று காத்திருந்தோம் (பிள்ளைகளின் பேராசை). ஏழாம் வாரம் ஒரு மாலை, ஜன்னலைப் பார்த்தபடி அப்பா தெளிவாகச் சொன்ன சொல் 'கொடுக்காப்புளி'. வெளியே அந்த மரம்கூட இல்லை. அம்மா சிரித்துக்கொண்டே அழுதார்.

எங்கள் பெயர்கள் பிறகு ஒவ்வொன்றாக வந்தன. தங்கையை மட்டும் இன்றும் அத்தையின் பெயர் சொல்லித்தான் அழைக்கிறார். அவளும் அதற்கே திரும்பிப் பார்க்கிறாள்.