முழுப்பேரு, அரைப்பேரு, ஒரு பைத்தன் பைல்

தோட்டத்துல "பேரு" என்றால் ஒரு நாள் சம்பளம். சொன்ன கிலோ வந்தா முழுப்பேரு, வராட்டி அரைப்பேரு. ஹட்டன் பக்கம் எங்க அம்மா எடுக்கிற கொழுந்தை ஒரு நாளைக்கு மூணு தடவை நிறுப்பாங்க. ஈரத்துக்கு, சாக்குக்கு என்று கழிச்சது போகத்தான் கணக்கில ஏறும். மாசக் கடைசியில சம்பளத் துண்டு வரும்போது, "அந்தக் கிழமை ஏன் இத்தனை அரைப்பேரு?" என்று கேட்க நம்ம கையில ஒரு கணக்கும் இருக்காது.

அதுக்காகத்தான் பைத்தனில் ஒரு சின்ன புரோகிராம் எழுதத் தொடங்கினேன். கிலோவைக் கேட்டு வாங்கிக் கூட்டிக் காட்டுறது லேசு. ஆனா வேரியபிள் இருக்கிறது ரேமில். புரோகிராம் முடிஞ்சா அதுவும் போயிரும். நாளைக்கும் வேணும்னா டிஸ்க்கில எழுதணும்.

ஓப்பன் ஃபங்ஷனில் 'டபிள்யூ' கொடுத்தா பழசு எல்லாம் அழிஞ்சுதான் புதுசு ஏறும். 'ஏ' கொடுத்தா கடைசி வரிக்குக் கீழ சேரும். கொழுந்துக் கணக்குக்கு 'ஏ' தான் சரி. ஒரு நிறுவைக்கு ஒரு வரி: திகதி, நேரம், நிறுத்த கிலோ, கழிச்ச கிலோ. கழிச்சதைத் தனியா எழுதாம மிச்சத்தை மட்டும் எழுதினா, பிறகு எதை வச்சுக் கேட்கிறது? நடுவில காற்புள்ளி போட்டா அதுதான் சிஎஸ்வி, எக்செல்லிலும் திறக்கலாம். முதல் நாள் பைலே இருக்காது, வாசிக்கப் போனா எரர் வரும். அதை டிரை-எக்செப்ட்டில் பிடிச்சு வெறும் பட்டியலோட ஆரம்பிங்க. தமிழ்ல குறிப்பு எழுதுறதா இருந்தா என்கோடிங் யூடிஎஃப்-8 என்று கட்டாயம் சொல்லுங்க, விண்டோஸ் அதுல முரண்டு பிடிக்கும்.

ஜேசனும் நல்லதுதான். ஆனா அதில ஒவ்வொரு தடவையும் முழு பைலையும் திருப்பி எழுதணும். பாதியில கரண்ட் போனா பழைய கணக்கும் சேர்ந்து போயிரும். 2022-ல 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின நாட்டுல இது சும்மா பயமில்ல. வேற பேர்ல ஒரு பைல் எழுதி முடிச்சு, பிறகு ஓஎஸ் ரீப்ளேஸ் மூலமா பழசோட இடத்துல வைக்கலாம். கணக்கு பெருசானா எஸ்கியூலைட் இருக்கு, பைத்தனோடயே வரும்.

நான் எழுதுற பைல் சட்டப்படி சாட்சி ஆகுமா என்று தம்பி கேட்டான். ஆகணும்னு இல்ல. ஆனாலும் 1948 பிரஜாவுரிமைச் சட்டம் அப்பா பிறந்த இடத்துக்கு அத்தாட்சி கேட்டப்போ, காட்ட ஒரு துண்டுக் கடதாசி இல்லாமலே எத்தனையோ பேர் நாடற்றவங்களா ஆன வரலாறு நம்மளுது. திகதியோட ஒரு வரி இருந்தா கேள்வியாவது கேட்கலாம்.

இப்ப அம்மா ஒவ்வொரு நிறுவையையும் வொய்ஸ் மெசேஜில சொல்றாங்க, ராத்திரி நான் ஏத்துறேன். பக்கத்துக் காம்பரா அக்காவும் தன்னோடதைச் சேர்க்கச் சொல்லிட்டாங்க. யாரோட கிலோ என்று தெரிய இன்னொரு பத்தி கூட்டியிருக்கேன்.