வர்ணம் தப்பிய படங்கள்

கணினித் திரையில் கண்ணைப் பறித்த ஒரு கல்யாணப் புகைப்படம், பளபளப்பான காகிதத்தில் அச்சாகி வெளியே வரும்போது, மணமகளின் முகத்தில் பச்சை பூத்தும், பட்டுப்புடவையின் அரக்கு நிறம் சேற்று நிறமாகியும், குறுக்கே வெள்ளைக் கோடுகள் ஓடியும் காட்சி தருமானால், வீட்டிலேயே அதை அச்சிட முனைந்தவருக்கு முதலில் தோன்றுவது யந்திரம் கெட்டுவிட்டது என்ற முடிவு. அடுத்துத் தோன்றுவது, மைத்துவாரங்களைச் சுத்தம் செய்யும் ‘ஹெட் கிளீனிங்’ பொத்தானை அமுக்க வேண்டும் என்ற அவசரம். சில வருஷங்களாக என் மேஜையின் மேல் வாசம் செய்துவரும் இன்க்ஜெட் பிரிண்டரோடு பழகியதில், அந்த முடிவு பெரும்பாலும் பிழை என்பதையும், அந்த அவசரம் பெரும்பாலும் நஷ்டம் என்பதையும் கண்டுகொண்டேன்.

யந்திரத்தின் சூட்சுமம் சற்றுத் தெரிந்திருந்தால் அதன்மேல் கோபம் வராது. ஒரு லிட்டரை லட்சம் கோடிப் பங்கு செய்தால் கிடைப்பது ஒரு பிகோலிட்டர். அப்படிப்பட்ட இரண்டு மூன்று பிகோலிட்டர் அளவே உள்ள மைத்துளிகளை, தலைமயிரைவிட மெல்லிய துவாரங்களின் வழியே, விநாடிக்கு ஆயிரக்கணக்கில் குறி தவறாமல் எறிவது இதன் தொழில். எப்சன் வகையில் மின்சாரம் பட்டதும் வளைகிற படிகம் ஒன்று மையைத் தள்ளுகிறது; கேனன், எச்.பி. வகைகளில் க்ஷண நேரச் சூட்டில் எழும் ஆவிக்குமிழி தள்ளுகிறது. தாரையாக ஓடும் திரவம் ஏன் துளிகளாக உடைகிறது என்பதற்கு ராலே பிரபு 1878-லேயே கணிதம் எழுதிவைத்தார். மையை மெல்லிய தாரையாகப் பீய்ச்சி எழுதும் பதிவுக் கருவிக்கு 1951-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற ஸ்வீடன் தேசத்து ரூனே எல்ம்க்விஸ்ட் என்பவரே, 1958-ல் மனித உடலுக்குள் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட இருதயத்துடிப்புக் கருவியையும் அமைத்தவர் என்று அறிந்த நாள்முதல், இந்தப் பிளாஸ்டிக் பெட்டியின்மீது எனக்கு ஒரு தனி மரியாதையே உண்டாகிவிட்டது.

ஆனால் மையின் பெரும்பகுதி தண்ணீர்தானே! கத்திரி வெயில் காயும் மாதத்தில், யாரும் தொடாமல் கிடக்கும் யந்திரத்தின் துவாரங்களில் அந்தத் தண்ணீர் ஆவியாகி, சாயம் மட்டும் பிசுக்காக எஞ்சிச் சில துவாரங்களை அடைத்துவிடுகிறது. எது அடைத்தது என்று கேட்டால் யந்திரமே சாட்சி சொல்லும். ‘நாசில் செக்’ என்ற பரீக்ஷைத் தாளைச் சாதாரண வெள்ளைக் காகிதத்தில் அச்சிட்டால், ஒவ்வொரு மைக்கும் நுண்ணிய கோடுகளாலான ஒரு சிறு கட்டம் வரும். கோடு அறுந்த இடத்தில் துவாரம் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். உண்மையில் படத்தின் நிறமே பாதி ரகசியத்தைச் சொல்லிவிடும்: மெஜந்தா நின்றுபோனால், மிஞ்சிய மஞ்சளும் சையான் நீலமும் கூடிப் படம் பச்சையாகும், சையான் நின்றால் சிவக்கும், மஞ்சள் நின்றால் நீலம் பாரிக்கும். ஆகவே, மேற்சொன்ன மணமகளின் பச்சை முகத்துக்கு முதலில் மெஜந்தாவைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

கட்டத்தில் ஒரு கோடும் அறாமல் இருந்தால், மைத்துவாரங்கள் நிரபராதிகள். அதற்குப் பிறகும் கிளீனிங் பொத்தானை அமுக்குவது, எந்த வியாதிக்கும் பேதி மருந்தே கொடுத்த பழைய வைத்தியர்களின் காரியம். ஒவ்வொரு கிளீனிங்கிலும் நல்ல மை உறிஞ்சப்பட்டு யந்திரத்தின் அடியிலுள்ள பஞ்சுத் திண்டில் போய்ச் சேருகிறது; அத்திண்டு நிறைந்துவிட்டதாக யந்திரம் கணக்கிட்டால், அதை மாற்றும்வரை அச்சிடவே மறுத்துவிடும். அடைப்பு இருப்பது நிச்சயமானால், இரண்டொரு முறை சுத்தம் செய்து பார்த்து, இணங்காவிடில் ஓர் இரவு அப்படியே விட்டுவிடுவது நலம். புதிதாக வந்து சேர்ந்த மையிலேயே பழைய பிசுக்கு ஊறி இளகிவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கோடுகள் முழுமையாக இருந்தும் நேர்விளிம்புகள் இரட்டையாகத் தெரிந்தால், போகும்போதும் வரும்போதும் அச்சிடும் தலை ஒரே இடத்தில் துளியை வைக்கவில்லை என்று பொருள். அதற்கு ‘அலைன்மென்ட்’ போதும்.

துவாரங்கள் விடுதலையான பிறகு விசாரிக்க வேண்டிய ஆசாமி காகிதம். என் அபிப்பிராயத்தில், வீடுகளில் பாழாகும் படங்களில் பெரும்பங்கு இதனால்தான். போட்டோ பேப்பரின் ஒரு பக்கத்தில்தான் மையை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும் பூச்சு இருக்கிறது. மறுபக்கத்தில் விழுந்த மை உலராமல் திட்டுத்திட்டாக நின்று, கை பட்டவுடன் இழுகிவிடும். ஈரவிரலால் மூலையைத் தொட்டுப்பார்த்தால், ஒட்டுகிற பக்கமே பூச்சுள்ள பக்கம். பக்கம் சரியாக இருந்தும், கணினியில் காகித வகை ‘ப்ளெயின்’ என்றே விடப்பட்டிருந்தால் வேறொரு விபரீதம் நேர்கிறது. பல வீட்டு யந்திரங்களில் வர்ண மைகள் கரையும் சாயங்கள். எழுத்துக்கென்று வைத்த கறுப்பு மையோ கரையாத பொடி கலந்தது. பளபளப்புத் தாள் என்று சொல்லிவிட்டால் யந்திரம் அந்தக் கறுப்பை ஒதுக்கிவைத்து, மூன்று வர்ணங்களைக் கூட்டியே கறுப்பை உண்டாக்கும். சொல்லாவிட்டால் அந்தக் கறுப்பையே பூசும். அது பூச்சுக்குள் இறங்காமல் மேலேயே நின்று கூந்தலெல்லாம் கரியாக அப்பிக்கொள்ளும். இதற்கு மெக்கானிக்கை அழைத்து என்ன பிரயோஜனம்?

படம் இருண்டு வருகிறது என்ற குறைக்கோ, குற்றவாளி பெரும்பாலும் திரையே. திரை தானே ஒளி வீசுவது; காகிதம் பிறர் கொடுத்த ஒளியைத் திருப்பித் தருவது. திரையின் பிரகாசத்தைக் குறைத்துவிட்டுப் பார்த்தால் இரண்டும் ஒருவாறு சமாதானமாகும். படம் திருத்தும் மென்பொருளும் பிரிண்டரை இயக்கும் ‘டிரைவர்’ மென்பொருளும் ஆளுக்கொரு முறை வர்ணத்தைத் திருத்தினாலும் முகங்கள் வேண்டாத நிறம் ஏறி நிற்கும். இருவரில் ஒருவருக்குத்தான் அந்த அதிகாரம் தரலாம். எப்படியானாலும், அச்சான சூட்டோடு டியூப்லைட் வெளிச்சத்தில் தீர்ப்புச் சொல்லாமல், நன்றாக உலரவிட்டுப் பகல் வெளிச்சத்தில் பார்ப்பதே நியாயம்.

வாரம் ஒருமுறை எல்லா வர்ணமும் கலந்த சிறு படம் ஒன்றை அச்சிட்டுவருகிறவருக்கு இந்த யந்திரம் வெகுநாள் விசுவாசமாக உழைக்கும். அதற்கும் அவகாசமில்லாமல், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் அதன் நினைவு வருகிறவர், தெருமுனை ஸ்டூடியோவில் கொடுத்துப் படத்தை அச்சிட்டுக்கொள்வதே லாபம்.