அண்ணாந்து பார்க்காத தெரு

1963இல் அமெரிக்காவில் ஹெல்ட், ஹெய்ன் என்ற இரண்டு உளவியலாளர்கள் இருட்டில் வளர்த்த பூனைக்குட்டிகளை வைத்து ஒரு சோதனை செய்து எழுதினார்கள். ஒரு கம்பின் இரு முனைகளில் இரண்டு குட்டிகள். ஒன்று தன் காலால் நடக்கும். அது நடக்க நடக்க, மறுமுனைத் தொட்டிலில் கிடக்கிற குட்டியும் கூடவே சுற்றிவரும். இரண்டும் பார்த்தது ஒரே சுவர், ஒரே வெளிச்சம். கடைசியில் நடந்த குட்டி பள்ளத்தைக் கண்டு ஒதுங்கியது. தொட்டிலில் கிடந்ததற்குப் பள்ளமே தெரியவில்லை. இத்தனைக்கும் கண்ணில் ஒரு குறையும் இல்லை.

இதைப் படிச்சதும் ஆய்க்குடிக்குப் பக்கத்துல எங்க ஊர் மேலத்தெருதான் எனக்கு ஞாபகம் வந்தது. அந்தத் தெருவுல நாங்க நடக்காமலா இருந்தோம்? நடந்தோம். செருப்பைக் கையில பிடிச்சுக்கிட்டு, சைக்கிளை இறங்கி உருட்டிக்கிட்டு, தலையைக் குனிஞ்சுக்கிட்டு. எங்கம்மா சும்மாடு வச்சுக் கதிர்க்கட்டு தூக்கிட்டுப் போவா, கழுத்தைத் திருப்ப முடியாது. அந்தத் தெருவோட கல்லும் குழியும் எனக்கு மனப்பாடம். எந்த வீட்டுக்கு மாடி இருக்குன்னு கேட்டா சொல்லத் தெரியாது. திண்ணைக்கு மேல அந்தத் தெருவே எனக்குக் கிடையாது. வெளி எல்லாருக்கும் பொதுன்னு எழுதுறவங்க எந்தத் தெருவுல நடந்தாங்களோ!

ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. 1975இல் கடற்படைத் தேர்வில் அடிபட்டு, கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கியது. அந்தப் பக்கம் சக்கர நாற்காலியில் வந்த ஒருத்தரோட பேசிக்கிட்டே போனேன். நான் சமதரைன்னு நினைச்ச ரோட்டில் ஒரு இடத்தைக் காட்டி, "இங்கிருந்து ஏத்தம்" என்றார். அவர் தோள் கண்டுபிடிச்ச ஏத்தம் அது. அதுக்கப்புறம்தான் என் கண்ணுக்கும் தெரிஞ்சது.

அந்தப் பூனைச் சோதனையில் இன்னொன்றும் உண்டு. தொட்டில் குட்டிகளை வெளிச்சத்தில் இஷ்டத்துக்குத் திரிய விட்டார்கள். 48 மணி நேரத்தில் அவற்றுக்கும் பள்ளம் தெரிந்துவிட்டது.

அடிதடி, கேஸு, கோர்ட்டுன்னு எத்தனையோ ஆன பிறகு இப்ப எங்க பையன்க மேலத்தெருவுல பைக்கை விட்டு இறங்காம போறானுக. அவனுகளுக்கு அது ரெண்டு நிமிஷத் தெரு. போன வருசம் எங்கம்மாவை அந்த வழியா கூட்டிட்டு வந்தேன். கையில சுமை இல்ல, கால்ல செருப்பு. ஆயுசு முழுக்க ஒரு வீட்டுக் களத்துக்குக் கதிரு சுமந்தவ, அந்த வீட்டு முன்னால நின்னு அண்ணாந்து பார்த்தா.

"ஏய்யா, இம்புட்டு உசரமா இது?"