புதுப்பேட்டையில் பல் கட்டிக்கொண்ட புல்லெட்

சென்னைக்கு வருகிறவர்கள் கடற்கரையைப் பார்க்கிறார்கள், மியூஸியத்தைப் பார்க்கிறார்கள், ஜவுளிக் கடைகளைப் பார்த்துவிட்டுத் தங்கள் பர்ஸையும் ஒரு தரம் பார்த்துக்கொள்கிறார்கள். புதுப்பேட்டையைப் பார்க்க மட்டும் யாரும் வருவதில்லை. வண்டி வைத்திருப்பவர்கள் போகிறார்கள். அதுவும் வண்டிக்கு ஏதாவது வந்துவிட்டால்தான்! உங்களிடம் வண்டி இல்லாவிட்டாலும் பாதகமில்லை. ஒரு காலை வேளையில் என்னோடு புறப்பட்டு வாருங்கள்.

எழும்பூர் ரயில் நிலையத்திலிருந்து தெற்கே, கூவம் ஆற்றைப் பார்க்க நடந்தால் ஆதித்தனார் சாலை வந்துவிடும். ஹாரிஸ் ரோடு என்று சொன்னால்தான் சில பெரியவர்களுக்குப் புரியும். அங்கிருந்து எந்தச் சந்தில் நுழைந்தாலும் சரி, கார்க் கதவுகள் பட்டுப் புடவை மாதிரி அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். ஹெட்லைட்டுகள் மாலையாகக் கோத்துத் தொங்கும். சாக்குகளில் உளுந்தும் துவரம் பருப்பும் இருக்கவேண்டிய இடத்தில் போல்ட்டும் நட்டும் பல்சக்கரமும் குவிந்திருக்கும். கீழே எண்ணெய், பார்த்துக் கால் வையுங்கள்.

இந்தப் பேட்டையில் இரண்டு தொழில்கள் அருகருகே நடக்கின்றன. ஒன்று, வந்த வண்டியைப் பிரித்து விற்பது. இன்னொன்று, வந்த வண்டியைப் பிழைக்க வைப்பது. எந்த வண்டி எந்தப் பக்கம் போகும் என்பது சில சமயம் ஒரு கட்டைவிரலின் தீர்ப்பைப் பொறுத்திருக்கிறது. அன்றைக்கு அப்படி ஒரு தீர்ப்பு நடந்தது.

செங்கற்பட்டிலிருந்து ஒரு சின்ன லாரியில் புல்லெட் மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து இறங்கியது. கூடவே வந்தவர் தபாலாபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் அம்மாள். வண்டி அவருடைய தகப்பனாருடையது. 1978-ம் வருஷம் வாங்கியதாம்.

புல்லெட்டின் பூர்வோத்தரத்தை இங்கே சொல்லிவிடவேண்டும். இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் இருந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் நம் மெட்ராஸ் மோட்டார்ஸும் 1955-ல் கூட்டுச் சேர்ந்தன. மறு வருஷமே திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் வண்டி உற்பத்தி ஆரம்பமாயிற்று. 1970-ல் தாய் வீடு மூடப்பட்டது. ஆனால் புகுந்த வீட்டில் புல்லெட் தொடர்ந்து பிறந்துகொண்டிருந்தது. 1977-லிருந்து பிறந்தகத்துக்கே ஏற்றுமதியும் ஆயிற்று! எழுபது மில்லிமீட்டர் அகலம், தொண்ணூறு மில்லிமீட்டர் ஓட்டம், 346 ஸி.ஸி. கொண்ட அந்தப் பழைய இரும்பு சிலிண்டர் என்ஜின் 2010-ஐ ஒட்டி விடைபெற்றது. ஆகவே இப்போது அதற்கு ஒரு பல்சக்கரம் வேண்டுமென்றால் புதுப்பேட்டை மாதிரி இடங்களைத்தான் தேடவேண்டியிருக்கிறது.

"பாய், ஊரிலே ரெண்டு பேர் பார்த்துட்டாங்க. என்ஜின் போச்சு, வித்துடுங்கன்னு சொல்றாங்க" என்றார் அம்மாள்.

மெக்கானிக்குக் கிட்டத்தட்ட எழுபது வயது இருக்கும். வண்டியைக் கிளப்பச் சொன்னார். நீளமான திருப்புளி ஒன்றை எடுத்து, நுனியை என்ஜினின் வலப்பக்க மூடியில் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டார். டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைக்கிற பாவனைதான்.

"என்ஜின் போகலேம்மா. பல்லு தேஞ்சிருக்கு."

அந்த மூடிக்குப் பின்னால் சின்னதும் பெரியதுமாகப் பல்சக்கரங்கள் கைகோத்து நிற்கின்றன. கிராங்க் தண்டின் நுனியில் இருக்கும் சின்னச் சக்கரத்துக்கு டைமிங் பினியன் என்று பெயர். அது இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் சக்கரங்கள் ஒரு சுற்றுச் சுற்றும். கேம்கள் டாப்பெட்டைத் தூக்க, டாப்பெட் கம்பியைத் தள்ள, வால்வு திறக்கும். பிளக்கில் பொறி விழும் நேரத்தைச் சொல்லுவதும் இதே சக்கர வரிசைதான். பல் தேய்ந்தால் தாளம் தப்பும். வால்வு ஒரு பக்கம், பொறி ஒரு பக்கம் என்று கச்சேரி கலையும். மேட்டில் வண்டி மூச்சு வாங்கும்.

இதற்குள் பக்கத்துக் கடைக்காரர் வந்து சேர்ந்தார். பெட்ரோல் டேங்கைத் தட்டிப் பார்த்தார். "பிரிச்சாத்தாம்மா இதுக்கு மதிப்பு. டேங்க் தனி, விளக்கு தனி. ரொக்கமாவே கொடுத்துடறேன்" என்று ஒரு தொகையைச் சொன்னார். மோசமான தொகை அல்ல. பென்ஷன் வாங்குகிறவர் யோசிக்கக்கூடிய தொகை.

அம்மாள் மெக்கானிக்கின் முகத்தைப் பார்த்தார்.

"வண்டி உங்களுது. நான் சொல்லக்கூடாது" என்றார் அவர். "ஆனா ஒண்ணு. மூடியைத் திறக்கறேன். சக்கரம் சுத்தற தண்டு நல்லா இருந்தா, சக்கரத்தை மாத்திடலாம். தண்டும் தேஞ்சிருந்தா என்ஜினையே இறக்கணும், செலவு கட்டாது. அப்போ நானே வித்துடுங்கன்னு சொல்லிடுவேன்."

எண்ணெயை வடித்து, மூடியைக் கழற்றினார்கள். கிராங்க் நுனியில் இருந்த நட்டில் ஸ்பானரை மாட்டி, எல்லோரும் இறுக்குகிற திசையில் திருப்பினார் பாய். அது இடதுகை மரை; விவரம் தெரியாதவர்கள் வழக்கமான திசையில் பலம் காட்டி அதை உடைத்துவிடுவதும் உண்டாம். கழற்றிய பினியனின் பற்கள் கத்தி முனைபோலக் கூராகியிருந்தன. ஒரு கேமின் முதுகில் அம்மைத் தழும்பு மாதிரி குழி. பிறகு தண்டுகளைத் துடைத்து, சக்கரத்தை மாட்டி, கட்டைவிரலால் மேலும் கீழும் அசைத்துப் பார்த்தார். அந்த அரை நிமிஷம் யாரும் பேசவில்லை. கடைக்காரர்கூட.

"தண்டு தேயலேம்மா."

அம்மாள் கடைக்காரரிடம் திரும்பி, "மன்னிச்சுக்கோங்க, விக்கறதா இல்லே" என்றார்.

இனிமேல்தான் வேலை. தேய்ந்த சக்கரத்தோடு புதுச் சக்கரத்தைச் சேர்த்தால் ஊளையிடும். ஆகையால் வரிசையாக மாற்றவேண்டும். கேம் புதிது என்றால் அதன்மேல் உட்காரும் டாப்பெட்டும் புதிது. ஜெனரல் பாட்டர்ஸ் ரோடுக்கு ஒரு பையனை விரட்டினார். தாமும் இரண்டு சாக்குகளைக் கொட்டித் துழாவினார். மூன்று ஜோடிகள் தேறின. முதல் ஜோடி ஓர் இடத்தில் இறுகியது. இரண்டாவது கடகடவென்று ஆடியது. மூன்றாவதை மாட்டி, என்ஜினைக் கையால் முழுக்கச் சுற்றிப் பார்த்தார். எந்த இடத்தில் நிறுத்தினாலும் மயிரிழை ஆட்டம். அதற்கு மேல் இல்லை.

"இவ்வளவு போதுமா, பாய்?" என்று கேட்டேன்.

"போதும் ஸார். சூடானா அலுமினியக் கூடு விரியும், இன்னும் கொஞ்சம் இடம் கிடைச்சுடும். இப்பவே தாராளமா விட்டா அப்போ சத்தம் போடும்."

சக்கரங்களில் பொட்டு வைத்தாற்போல் சிறு புள்ளிகள் உண்டு. புள்ளியும் புள்ளியும் நேருக்கு நேர் பார்க்கவேண்டும். ஒரு பல் தள்ளிப்போனாலும் வண்டி இழுக்காது. மூடியை மாட்டுமுன் காலணா அளவில் ஒரு கார்க் வளையத்தைப் புதிதாக வைத்தார். கிராங்குக்குப் போகிற எண்ணெய் அந்த வழியாகத்தான் போகிறது. அது கசிந்தால் எண்ணெய் போகாமல் உள்ளே எல்லாமே தீய்ந்துவிடும். முழு வேலையிலும் அதுதான் மிக மலிவான சாமான்!

பிறகு பிளக் துவாரத்தில் ஒரு சைக்கிள் கம்பியை விட்டு பிஸ்டன் உச்சிக்கு வருவதைப் பார்த்துக்கொண்டார். பாயிண்டுக்கு நடுவே சிகரெட் காகிதம் ஒன்றைச் செருகி, அது நழுவும் கணத்தைப் பிடித்துப் பொறியின் நேரத்தை வைத்தார். கடைசியில் வால்வுக் கம்பிகளை இரு விரலால் உருட்டிப் பார்த்தார். உருளவேண்டும்; மேலும் கீழும் ஆடக்கூடாது.

பையன் கிக்கரில் கால் வைக்கப் போனான். "இரு தம்பி" என்றார் அம்மாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டார். கிக்கரை மெல்ல அழுத்தி, ஆம்மீட்டர் முள் நடுவே வந்து நிற்கும் வரை நகர்த்தினார். டீகம்ப்ரஸரை இழுத்துவிட்டு, ஓர் உதை. இரண்டாவது உதை. மூன்றாவதில் என்ஜின் பிடித்துக்கொண்டது. "அப்பா சொல்லிக் கொடுத்தது" என்றார். திருப்புளி மறுபடியும் காதுக்குப் போயிற்று. பாய் தலையை ஆட்டினார். பையனையும் கூப்பிட்டு, பிடியை அவன் காதில் வைத்துக் கேட்கச் சொன்னார்.

உங்கள் வீட்டுக் கொல்லையிலும் இப்படி ஒரு கிழட்டு வண்டி சாக்குப் போர்த்திக்கொண்டு நிற்கிறதா? விலை பேசுமுன் காது உள்ள ஒருவரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள். மூடியைத் திறந்து தண்டை அசைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தேய்ந்திருந்தால் தாராளமாக விற்றுவிடலாம். வாங்கிக்கொள்ள ஆள் பக்கத்துக் கடையிலேயே காத்திருக்கிறார்!