லில்லார்டின் நாலாவது எலும்பு

வலி இருந்த இடம் என் கைக்கு எட்டாத இடம். தோளுக்கு மேலே கையை விட்டுத் தேடினாலும் எட்டாது, இடுப்புப் பக்கமாக வளைத்துப் பார்த்தாலும் எட்டாது. இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கும் நடுவே, முதுகுத்தண்டை ஒட்டிக் கொஞ்சம் இடப்பக்கம். நாள் முழுக்கக் குனிந்து மெய்ப்புத் திருத்துகிறவனுக்கு வரக்கூடியதுதான். தைலம், ஒத்தடம், வாயுப் பிடிப்பாக இருக்கும் என்று பூண்டுப் பால் எல்லாம் ஆன பிறகு, நண்பர் ஒருவர் சொன்னாரென்று முதுகெலும்பைக் கையால் தள்ளிச் சரிசெய்வதாகச் சொல்லும் ஒரு கைரோபிராக்டிக் கிளினிக்கில் போய் உட்கார்ந்தேன்.

அங்கே சுவரில் ஒரு படம். தாடி வைத்த வெள்ளைக்காரர் ஒருவர், அவருக்கு முதுகைக் காட்டியபடி ஒரு கறுப்பர். கீழே நாலு வரி. 1895 செப்டம்பர் 18 அன்று அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்து டேவன்போர்ட் நகரில் டி.டி. பால்மர் உலகின் முதல் கைரோபிராக்டிக் சிகிச்சையைச் செய்தாராம். 17 வருடமாகக் காது கேளாதிருந்த ஹார்வி லில்லார்டுக்கு அப்போதே காது கேட்டதாம்.

எனக்கு இரண்டு இடத்தில் உறுத்தியது. ஒன்று, அந்த 'முதல்'. எங்கள் ஆச்சி கால் முதலில் வெளிவந்து பிறந்தவள். அப்படிப் பிறந்தவர்கள் காலால் நீவிவிட்டால் சுளுக்கு போகும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. முதுகில் பிடிப்பு என்று யாராவது வந்தால் திண்ணையில் குப்புறப் படுக்கச் சொல்லி, சுவரைப் பிடித்துக்கொண்டு இடது குதிகாலால் மேலிருந்து கீழாக நீவுவாள். சில முதுகுகளில் 'டக்' என்று கேட்கும். கேட்டால் ஆச்சிக்குத் திருப்தி. இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவனிடம் ஐயோவா மாநிலத்துக்காரர் ஒருவரை 'முதல்' என்றால் எப்படி? இரண்டாவது, காது. நான் முதுகுவலிக்காக வந்திருக்கிறேன். இந்த வைத்தியத்தின் முதல் நோயாளிக்கு முதுகில் வலியே இல்லையா?

பெரியப்பாவைப் பிடித்தேன். பாளையங்கோட்டையில் காது மூக்கு தொண்டை டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பால்மரைப் பற்றிக் கேட்டதற்கு அவரிடமிருந்து பதில் வரவில்லை, கேள்விதான் வந்தது.

"சாயங்காலம் காய்ச்சல் அடிக்கா?"

"இல்ல பெரியப்பா."

"எடை கொறஞ்சிருக்கா? ராத்திரி வலியில முழிச்சுக்கிடுதியா? மாடி ஏறினா கூடுதா?"

இல்லை, இல்லை, இல்லை. இருந்தாலும் எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் எடுத்து அனுப்பு என்றார். இடுப்பிலும் கழுத்திலும் வருவதைவிட நடுமுதுகில் வலி வருவது குறைவு. அதனாலேயே அங்கே வந்தால் ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது அவர் கட்சி. முதுகெலும்பைப் பிடிக்கும் காசநோய் அதிகம் உட்காருவது நடுமுதுகின் கீழ்ப்பகுதியிலும் அதற்குச் சற்றுக் கீழேயும்தான். எலும்பு தேய்ந்த வயதானவர்களுக்கு ஒரு பலத்த இருமலிலேயே முள்ளெலும்பு நசுங்கிவிடலாம். இதயம், பெருந்தமனி, பித்தப்பை மூன்றுமே தங்கள் வலியைச் சில சமயம் முதுகில் கொண்டுபோய்க் காட்டும். அக்கி, கொப்புளம் வருவதற்கு முன்னாலேயே ஒரு பக்கமாகப் பட்டை போட்டது போல் எரியும். இதில் எதிலும் முதுகை அமுக்கி ஆவதொன்றுமில்லை. முதல் இரண்டில் அமுக்குவது ஆபத்து. எனக்கு எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் லில்லார்டுக்கு வர விட்டார்.

நேரில் போயிருந்தபோது ஒரு கல்யாணப் பத்திரிகையின் உறையைக் கிழித்துப் பின்பக்கத்தில் படம் வரைந்தார். நத்தை மாதிரி ஒரு உள்காது, அதிலிருந்து ஒரு கோடு, கோடு போய்ச் சேரும் மூளைத்தண்டு. சுற்றிலும் மண்டையோட்டுக்குக் கனமாக ஒரு வட்டம்.

"இது எட்டாவது நரம்பு. இங்க பொறப்பட்டு இங்க முடியுது. வட்டத்தை விட்டு வெளியவே வரல. முதுகுக்கும் இதுக்கும் என்ன சோலி?"

"அப்ப லில்லார்டுக்குக் கேட்டது?"

"கேட்டுச்சுன்னு யாரு சொன்னா?"

அதைத்தான் நான் தேடிப் போயிருக்க வேண்டும். உறையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஊர் திரும்பித் தேடத் தொடங்கினேன். டேவன்போர்ட் மிசிசிப்பி ஆற்றங்கரை ஊர். பிரேடி தெருவும் இரண்டாம் தெருவும் சந்திக்கும் மூலையில் ரயன் பிளாக் என்ற கட்டடம். பால்மர் கனடாவில் பிறந்தவர். பள்ளி ஆசிரியர், தேனீ வளர்ப்பவர், மளிகைக் கடைக்காரர் எல்லாமாக இருந்துவிட்டுக் காந்த வைத்தியராக அங்கே அறை எடுத்திருந்தார். லில்லார்டு அதே கட்டடத்தில் துப்புரவு வேலை பார்த்தவர். இதுவரை எல்லோரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள்.

பால்மர் எழுதியது இது: லில்லார்டு குனிந்து நெருக்கிக்கொண்டு ஏதோ வேலை செய்தபோது முதுகில் என்னவோ நழுவியது, அதோடு காது போயிற்று. தடவிப் பார்த்ததில் ஒரு முள்ளெலும்பு இடம் மாறியிருந்தது. அதை உள்ளே தள்ளினேன், காது வந்தது. அவர் குறிப்பிடும் எலும்பு மார்புப் பகுதியின் நாலாவது. மகன் பி.ஜே. பால்மர் சொல்லும்போது அது கழுத்தின் பின்னால் பெரிய புடைப்பாகிவிடுகிறது. லில்லார்டின் மகள் சொன்ன கதை வேறு. நடையில் நின்று அப்பா யாருக்கோ ஜோக் சொல்லிக்கொண்டிருந்தார். கையில் புத்தகத்தோடு வந்த பால்மர் சிரித்த சிரிப்பில் அந்தப் புத்தகத்தாலேயே முதுகில் ஓங்கித் தட்டினார். சில நாள் கழித்து அப்பா, காது கொஞ்சம் தேவலை என்றார். இந்தக் கதையில் எலும்பு இல்லை, சிகிச்சை இல்லை, ஒரு நல்ல ஜோக்தான் இருக்கிறது. மூன்றில் எனக்குப் பிடித்தது இதுதான். பிடித்திருக்கிறது என்பதாலேயே நம்பத் தயக்கமாகவும் இருந்தது.

லில்லார்டே ஒரு சாட்சிக் கடிதம் கொடுத்திருக்கிறார். 1897 ஜனவரியில் பால்மரின் விளம்பரத் தாளில் வந்தது. இத்தனை வருடம் பார்த்த காது வைத்தியமெல்லாம் பலிக்கவில்லை. காது போனதற்குக் காரணம் முதுகில் பட்ட அடி என்று கடந்த ஜனவரியில் பால்மர் சொன்னார். இரண்டு தடவை பார்த்ததில் நன்றாகக் கேட்டது. எட்டு மாதமாகிறது, இன்னும் கேட்கிறது என்கிறார். செப்டம்பர் 18 எங்கே? கடந்த ஜனவரி என்றால் 1896. கடிதம் அச்சாவதற்கு முன்பே எழுதி வைத்தது என்று எடுத்துக்கொண்டால் 1895. ஆண்டை எப்படித் தள்ளிப் பார்த்தாலும் மாதம் ஜனவரியிலேயே நிற்கிறது. தவிர, ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. அந்த நிமிடமே கேட்ட காது அவர் கடிதத்தில் இல்லை. இந்தத் தேதியை நேராக்க நான் செலவழித்த ராத்திரிகளில் முதுகுவலி கூடியதுதான் மிச்சம். கைரோபிராக்டிக்கின் பிறந்தநாளாக உலகமெங்கும் கொண்டாடப்படும் ஒரு தேதி, அன்று அங்கே இருந்த நோயாளிக்கே தெரியவில்லை.

பெரியப்பாவிடம் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு அவரே இறங்கி வந்தார், ஒரு படி மட்டும். தலைக்குள் இருக்கும் ரத்தக் குழாய்களைச் சுருக்குகிற பரிவு நரம்புகள் மார்பின் மேல்பகுதித் தண்டுவடத்திலிருந்துதான் கிளம்பிக் கழுத்து வழியாக மேலே ஏறுகின்றன. நாலாவது எலும்பு கிட்டத்தட்ட அந்த வட்டாரம். "வழி ஒண்ணு இருக்கு. ஒத்தையடிப் பாதை. அதுல பதினேழு வருஷச் செவிடு நடந்து போயிருச்சுன்னு சொன்னா நான் ஒத்துக்கிட மாட்டேன்." காது பக்கம் அதற்கு மேல் போக முடியவில்லை.

ஆச்சி பக்கம் திரும்பினேன். பால்மரை மடக்கிவிடலாம் என்ற ஆசைதான். சாட்சிகளும் சேர்ந்தன. ஹிப்போகிராட்டஸ் பெயரில் வழங்கும் மூட்டுகள் பற்றிய கிரேக்க நூலில், நோயாளியைப் பலகையில் குப்புறக் கிடத்தி இருபுறமும் இழுத்துக் கட்டி, கூனின் மேல் கையால் அமுக்கவும் காலால் மிதிக்கவும் வழி சொல்லியிருக்கிறது. ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில், கால் முதலில் வந்து பிறந்தவர்கள் மிதித்தாலோ நீவினாலோ இடுப்புப் பிடிப்பு போகும் என்று நம்பியிருக்கிறார்கள். ஆச்சிக்கு அங்கே சொந்தக்காரர்கள் இருந்திருக்கிறார்கள்! இதையெல்லாம் கையில் வைத்துக்கொண்டு பால்மரின் 1910ஆம் ஆண்டுப் பெரும் புத்தகத்தைத் திறந்தால், மனிதர் முந்திக்கொண்டுவிட்டார். முள்ளெலும்பைத் தள்ளி வைப்பதில் நான் முதல் ஆள் இல்லை, ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நடப்பதுதான் என்று அவரே எழுதியிருக்கிறார். எலும்பிலிருந்து பின்பக்கம் நீட்டும் முள்ளையும் பக்கவாட்டு முளைகளையும் நெம்புகோலாக வைத்து அந்த ஒரு எலும்பை மட்டும் தள்ளியதில்தான் நான் முதல் என்கிறார். சண்டைக்குப் போனவனுக்கு நாற்காலி போட்டு உட்காரச் சொன்ன மாதிரி ஆகிவிட்டது.

அந்த நெம்புகோல் விஷயத்தைச் சரிபார்க்க மகளை முதுகில் எண்ணச் சொன்னேன். தலையைக் குனிந்தால் கழுத்தடியில் பெரிதாகத் துருத்துவது கழுத்தின் ஏழாவது எலும்பு. அதற்குக் கீழே ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. அவள் விரல் நின்ற இடம் தோள்பட்டைகளுக்கு நடுவே. என் வலி இன்னும் இரண்டு கட்டை கீழே. பால்மர் எழுதியதை நம்பினால், உலகின் முதல் கைரோபிராக்டிக் சிகிச்சை நடுமுதுகில்தான் நடந்தது, அதுவும் என் வலிக்குப் பக்கத்து வீட்டில்.

நடுமுதுகில் பன்னிரண்டு எலும்புகள். ஒவ்வொன்றிலும் இருபுறமும் விலா எலும்பு வந்து முட்டுகிறது. கழுத்தும் இடுப்பும் வளைகிற வளைப்புக்கு இந்தக் கூடு இடம் கொடுக்காது. பிடித்துக்கொண்டால் ஆழ்ந்து மூச்சு இழுக்கும்போதும் தும்மும்போதும் குத்துவதற்கு அந்த விலா மூட்டுகள் ஒரு காரணம். கிளினிக்கில் என்னைக் குப்புறப் படுக்க வைத்தவர் இரண்டு உள்ளங்கைகளின் அடிப்பாகத்தையும் தண்டின் இருபுறமும் வைத்து, மூச்சை விடச் சொல்லி, விட்டு முடிக்கிற கணத்தில் சட்டென்று ஒரு தள்ளு தள்ளினார். 'டக்'. ஆச்சியின் அதே சத்தம்.

அந்தச் சத்தம் எலும்பு இடத்துக்குத் திரும்பும் சத்தம் இல்லை. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் அழுத்தம் திடீரென்று குறைந்து வாயுக் குழி உண்டாவதால் வருவது. 1947இல் லண்டனில் விரல் மூட்டுகளை வைத்து இதைச் சொன்னார்கள். 1971இல் வேறு சிலர், குழி உண்டாகும்போது இல்லை, உடையும்போதுதான் சத்தம் என்றார்கள். 2015இல் கனடாவின் ஆல்பர்ட்டாவில் எம்.ஆர்.ஐ. கருவிக்குள் விரலை இழுத்துப் படம் பிடித்தபோது, சத்தம் வரும் கணத்தில் குழி உண்டாவதுதான் தெரிந்தது. ஒரு தடவை சொடுக்கிய விரல் சுமார் இருபது நிமிடத்துக்கு மறுபடி சொடுக்காமல் இருப்பதும் இதனால்தான். இடம் மாறிய எலும்பும் அமுங்கிய நரம்பும் இந்தக் கணக்கில் எங்கும் வரவில்லை.

அப்படியானால் பால்மரின் கொள்கை இத்தனை காலம் எப்படி நின்றது? என் தேடலில் எனக்கு மிகவும் பிடித்த விடை இதற்குத்தான் கிடைத்தது: கோர்ட்டில் நின்றது. 1906இல் உரிமம் இல்லாமல் வைத்தியம் பார்த்ததற்காகப் பால்மரே சிறைக்குப் போனார். அடுத்த வருடம் விஸ்கான்சின் மாநிலத்தின் லா கிராஸில் மோரிகுபோ என்ற ஜப்பானியக் கைரோபிராக்டர் மேல் வழக்கு. அவருடைய வக்கீல், இது மருத்துவமும் இல்லை, இதே போல் எலும்பைத் தொடுகிற ஆஸ்டியோபதியும் இல்லை, தனிக் கொள்கையும் தனித் தத்துவமும் உள்ள வேறு துறை என்று வாதாடினார். ஜூரி விடுதலை செய்தது. அதற்குப் பிறகு அந்தத் தத்துவத்தைக் கைவிட முடியுமா? கைவிட்டால் ஜெயில். நாங்கள் நோயைக் குணப்படுத்தவில்லை, எலும்பைச் சரிசெய்து நரம்பை விடுவிக்கிறோம், அவ்வளவுதான் என்பதே பல ஆண்டுக்கு அவர்கள் கேடயம். 1974இல் லூயிசியானா உரிமம் கொடுத்த பிறகுதான் அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் அவர்கள் தொழில் சட்டபூர்வமானது. அதற்குள் நோயாளிகள் தங்கள் பாட்டுக்கு ஒரு முடிவு எடுத்துவிட்டிருந்தார்கள். காதுக்கும் இதயத்துக்கும் வருகிறவர்கள் குறைந்து, முதுகுக்கும் கழுத்துக்கும் வருகிறவர்களே கூட்டமாக வந்தார்கள். 2010இல் பிரிட்டனின் கைரோபிராக்டிக் ஒழுங்குமுறைக் குழுவே, இடம் மாறிய எலும்பு நோய்க்குக் காரணம் என்பது வரலாற்றுக் கருத்துதான், அப்படிச் சொல்ல ஆய்வு ஆதாரம் இல்லை என்று அறிவித்தது.

மிஞ்சியது அந்தத் தள்ளுதான். இடுப்புவலிக்கு அது ஓரளவு கைகொடுக்கிறது, உடற்பயிற்சி கொடுக்கிற அளவுக்கு என்று ஆய்வுகள் சொல்கின்றன. நடுமுதுகுக்கான ஆய்வுகள் குறைவு. கழுத்தைச் சட்டென்று திருப்பும் வகையில் அரிதாக ரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் வந்ததாகப் பதிவுகள் உண்டு என்பதால் கழுத்துக்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை, கிளினிக்கில் இருந்தவரும் வற்புறுத்தவில்லை. தள்ளியவுடன் முதுகு லேசானது உண்மை. மறுநாள் மறுபடி பிடித்ததும் உண்மை. அவரே சொல்லிக் கொடுத்தபடி நாற்காலிச் சாய்மானத்தின் மேல்விளிம்பில் முதுகைக் கொடுத்துப் பின்னால் வளைவதும், மெய்ப்புத் தாளைச் சாய்வுப் பலகையில் வைத்துப் படிப்பதும்தான் பிறகு கைகொடுத்தன என்று நினைக்கிறேன். காலமே கூடச் செய்திருக்கலாம்.

கடைசியாகப் பெரியப்பாவைப் பார்த்தபோது பால்மரின் கணக்கைச் சொன்னேன். உலகத்து நோய்களில் நூற்றுக்கு 95 முதுகெலும்பு இடம் மாறுவதால் வருகிறது என்று எழுதியிருக்கிறார்.

"மீதி அஞ்சு?"

"மத்த மூட்டுங்க பெரியப்பா. முக்கியமா பாதத்து மூட்டு. கால் ஆணி அதனாலதான் வருதாம்."

"அதுக்குக் கார்ன் கேப் போதுமேடே" என்றார்.