நவம்பர் 1 யாருக்கு?

அன்புள்ள அண்ணாச்சி,

மஸ்கட்டில் நவம்பர் 1 வந்துவிட்டால் எங்கள் ஆபீஸில் சேட்டன்மாரைக் கையில் பிடிக்க முடியாது. கேரளப் பிறவி, அதாவது கேரள மாநிலம் உருவான நாள். கசவு வேட்டி, செட்டுமுண்டு, மதியம் அடைப்பிரதமன். “உங்ககிட்டேருந்து நாங்க பிரிஞ்ச நாளும் இதுதான்” என்றேன். சிரித்துக்கொண்டே இன்னொரு கரண்டி ஊற்றினார்கள்.

1956இல் அன்றுதான் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாவும் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுச் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களான நமக்கு அது வந்து சேர்ந்த நாள். சென்னைக்கோ மலபாரும் தென் கன்னடமும் கைவிட்டுப்போன நாள். 2019இல் அதைத் தமிழ்நாடு நாள் என்றார்கள். ஆட்சி மாறியதும் 2021இல் அது ஜூலை 18 ஆயிற்று. 1967இல் ‘தமிழ்நாடு’ என்று பெயர் மாற்றச் சட்டப்பேரவை தீர்மானம் போட்ட நாள். நவம்பர் 1 எல்லைப் போராட்டத் தியாகிகளுக்கு என்று ஒதுக்கப்பட்டது. இதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை.

எனக்குப் பொறுக்காதது ஆகஸ்ட் 11. 1954இல் அந்த நாளை ‘விடுதலை தினம்’ என்று குறித்தது, தமிழ்ப் பகுதிகளைச் சென்னையோடு இணைக்கப் போராடிய நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ். மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. நம் ஆட்கள் செத்தார்கள். சுட்டது திருவிதாங்கூர்-கொச்சியை அப்போது ஆண்ட பட்டம் தாணு பிள்ளையின் பிரஜா சோஷலிஸ்ட் அரசு. அதே கட்சியின் பொதுச் செயலாளர் ராம் மனோகர் லோகியா, சிறையில் இருந்துகொண்டே, அந்த அரசு ராஜினாமா செய்ய வேண்டும் என்றார். மக்களைச் சுடும் அரசு நம்முடையதாக இருந்தாலும் வேண்டாம் என்ற வாதம். அந்தச் சண்டையில் கட்சியே உடைந்தது. டெல்லி வரை அதிர்ந்த சமாச்சாரம், நான் நாகர்கோவிலில் படித்த காலத்தில் ஒரு வாத்தியார்கூட வாயைத் திறக்கவில்லை.

மற்றவற்றுக்கு நினைவுச் சின்னம் உண்டு. டச்சுக்காரரைத் திருவிதாங்கூர் தோற்கடித்த 1741 குளச்சல் போருக்கு வெற்றித்தூண் இருக்கிறது, ராணுவம் வந்து மரியாதை செலுத்துகிறது. இணைப்புக்கு நேசமணி மண்டபம் இருக்கிறது. ஆகஸ்ட் 11ஐ எடுத்தால் சங்கடமான கேள்விகள் வரும். போராடியவர்கள் மலைத் தாலுகாக்களான தேவிகுளம், பீருமேட்டையும் சேர்த்துத்தானே கேட்டார்கள்? அந்த மலை ஏன் வரவில்லை? ஜெயித்ததைக் கொண்டாட மேடை போடலாம். பாதி தோற்றதற்கு யார் பந்தல் போடுவார்?

அண்ணாச்சி, உங்கள் பள்ளிக்கூடம் புதுக்கடையிலிருந்து எட்டிவிடும் தூரம்தானே. வரும் ஆகஸ்ட் 11 காலைக் கூட்டத்தில் ஐந்து நிமிஷம் ஒதுக்கி, தேவிகுளத்தையும் விட்டுவிடாமல், பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.